இரட்டை இழுப்பில் எண்ணப்படாத வினை

தமிழில் கலைச்சொல்லாக்கம் குறித்த விவாதங்கள் பெரும்பாலும் பெயர்ச்சொல்லைச் சுற்றியே நடைபெறுகின்றன. கருவிக்கும் கோட்பாட்டுக்கும் பெயர் கிடைத்துவிட்டால் பணி முடிந்ததாகக் கருதப்படுகிறது. உடல்திறன் ஒன்றைக் கற்பிக்கும் ஆசிரியருக்குப் பெயர்ச்சொல் அதிகம் உதவுவதில்லை. மாணவரின் கை அசையும் கணத்தில் சொல்லத்தக்க ஓர் ஏவல்வினையே அவருக்குத் தேவை. செயற்கை ஈயைத் தூண்டிலில் கட்டி வீசும் மீன்பிடிப்பில் 'டபுள் ஹால்' எனப்படும் நுட்பம் இதற்குத் தக்க சான்று.

வழக்கமான தூண்டிலில் ஈயக்குண்டின் எடை நரம்பை இழுத்துச் செல்லும். ஈத் தூண்டிலிலோ கொக்கிக்கு எடையே இல்லை. தடித்த கயிற்றின் எடைதான் அதைச் சுமந்து செல்லவேண்டும். ஆகவே கயிற்றின் வேகமே எல்லாம். வலக்கை கோலைப் பின்னோக்கி வீசி நிறுத்தும் வேளையில், இடக்கை கயிற்றைச் சட்டென்று கீழே இழுக்கிறது. பின்னால் கயிறு விரியும்போது இடக்கை மேலேறி, இழுத்த அளவைக் கோலுக்குத் திருப்பித் தருகிறது. முன்வீச்சில் மீண்டும் இழுப்பு. கோல் நின்றதும் கயிறு விடுபட்டுப் பாய்கிறது.

தொடக்கநிலை மாணவர் இழுப்பதை எளிதில் கற்றுவிடுகிறார். திருப்பித் தருவதில்தான் தவறுகிறார். கை கீழேயே நின்றுவிட்டால் அடுத்த இழுப்புக்கு இடமில்லை. முந்திக்கொண்டு மேலேறினால் கயிறு தொய்ந்து வேகம் குலைகிறது. இந்தத் தவறுக்கு அந்தப் பெயரும் துணைபோகிறது. 'டபுள் ஹால்' என்பது இரண்டு இழுப்புகளை எண்ணுகிறது. இடையிலுள்ள கொடுத்தலை எண்ணவில்லை. 'இரட்டை இழுப்பு' என்று மொழிபெயர்த்தால் அக்குறையும் சேர்ந்தே வருகிறது.

1930களில் அமெரிக்கப் போட்டிகளில் மார்வின் ஹெட்ஜ் இந்நுட்பத்தால் புகழ்பெற்றார். பின்னாளில் அதைக் கற்பித்த மெல் கிரீகர், 'டவுன்', 'அப்' என்னும் இரு சொற்களை ஒட்டி ஒரே மூச்சில் 'டவுனப்' என்று சொல்லவைத்தார். பெயர் மறைத்த பாதியை அந்த ஏவல் மீட்டுத் தந்தது.

இந்தியாவுக்கு இவ்விளையாட்டு ஆங்கிலேயரோடு வந்தது. நீலகிரியில் டிரௌட் மீனைக் குடியேற்ற 1863-இல் பிரான்சிஸ் டே முயன்று தோற்றார்; இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹென்றி வில்சனின் முயற்சியால் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்தது. மீன் அங்கே நிலைத்தது. வீச்சைக் கற்பிக்கும் சொற்கள் மட்டும் ஆங்கிலத்திலேயே தங்கிவிட்டன.

தமிழில் எந்த ஏவலைச் சொல்வது? 'இழுத்துவிடு' என்பது முதலில் பொருத்தமாகத் தோன்றும். 'செய்து' வாய்பாட்டு வினையெச்சம் முன்பின் வரிசையைத் தானே காட்டிவிடுகிறது. ஆனால் பேச்சில் அது 'இழுத்துடு' என்று சுருங்குகிறது. அப்போது 'விடு' துணைவினையாகித் தன் பொருளை இழக்கிறது. கேட்பவருக்கு 'கட்டாயம் இழு' என்பது மட்டுமே எஞ்சுகிறது. மாணவர் செய்யும் அதே தவற்றை இலக்கணமும் செய்துவிடுகிறது.

மாற்றுச் சொல்லைத் தேட மும்பைப் பெருநகரின் விளிம்பிலுள்ள உல்லாஸ்நகர் உதவும். சிந்தி அகதிகளுக்காக எழுந்த அந்நகருக்கு 1949 ஆகஸ்ட் 8 அன்று அடிக்கல் நாட்டியவர், அப்போதைய தலைமை ஆளுநர் இராஜாஜி. பிழைப்புக்காக வந்த தமிழ்க் குடும்பங்களும் அங்கு வாழ்கின்றன. மகர சங்கராந்தி நாளில் அப்பகுதியின் மாடிகளில் பட்டம் விடும் பிள்ளைகளுக்கு இரண்டு இந்திச் சொற்கள் போதும்: 'கீஞ்ச்' என்றால் இழு, 'டீல்' என்றால் நூலைத் தளர்த்திக் கொடு. சென்னைப் பட்டக்காரர்களும் 'டீல்' என்ற சொல்லை அறிவர். பட்டம் கேட்கும்போது நூலைக் கொடுக்கவேண்டும் என்பது அவர்களின் விரலுக்குத் தெரியும். அந்த அறிவைத் தொடும் தமிழ் ஏவல் 'இழு, கொடு'. இதில் இரண்டுமே முழுவினைகள். பேச்சில் எதுவும் கரைந்துபோகாது.

பட்டத்தின் தாளம் வேறு, வீச்சின் தாளம் வேறு என்பது உண்மை. சட்டென்ற இழுப்பைப் பட்டம் கற்பிக்காது. கொடுக்கும் நேரத்தை மட்டுமே கற்பிக்கும். பிறவற்றுக்குத் திடல் போதும். கோலைப் பக்கவாட்டில் தாழ்த்தி வீசி, ஒவ்வொரு வீச்சுக்குப் பின்னும் கயிற்றைப் புல்லில் விழவிட்டுப் பழகலாம். கொக்கிக்குப் பதில் நூல்துணுக்கு இருந்தால் ஆபத்துமில்லை.

உடல்திறனைச் சொல்லால் கற்பிக்க இயலாது, செய்துகாட்டவே வேண்டும் என்போர் கில்பர்ட் ரைலையும் மைக்கேல் போலன்யியையும் துணைக்கழைப்பர். அவ்வாதத்தில் வலு உண்டு. ஆயினும் பின்வீச்சின்போது மாணவரால் தன் கையையும் முதுகுக்குப் பின்னால் விரியும் கயிற்றையும் ஒருசேரப் பார்க்க முடியாது. அந்த அரை நொடியில் அவரை எட்டுவது ஆசிரியரின் குரல் மட்டுமே. அக்குரலில் எந்த வினை ஒலிக்கிறது என்பதே கற்றலைத் தீர்மானிக்கிறது.

தமிழ்வழித் திறன்பயிற்சி நூல்களை உருவாக்கும் பல்கலைக்கழகத் துறைகள் தம் சொற்பட்டியல்களில் ஏவல்வினைகளுக்கென ஒரு பகுதி சேர்க்கவேண்டும். ஒவ்வோர் ஏவலையும் அச்சேற்றுமுன் அத்தொழிலின் வேகத்தில் உரக்கச் சொல்லிப் பார்க்கவேண்டும். வீச்சுவலைக்காரர், நெசவாளர், பட்டம் விடும் சிறுவர் ஆகியோரின் வாய்மொழியில் அதற்கான சொற்கள் ஏற்கெனவே உள்ளன. மொழியியல் மாணவர்கள் அவற்றைத் தொகுக்கத் தொடங்கினால், கையின் வேகத்துக்கு ஈடுகொடுக்கும் தமிழ் ஒன்று பாடநூலுக்குள் வரும்.