சேமிப்பு தொழிலாளியுடையது, தகவல் யாருடையது?

வேலையில் சேரும் நாளிலேயே தொழிலாளியிடம் பல படிவங்களில் கையெழுத்து வாங்கப்படுகிறது. ஆதார் எண், வங்கிக் கணக்கு, குடும்பத்தினரின் பெயர்கள், பிறந்த தேதிகள் என அனைத்தும் நிர்வாகத்திடமோ ஒப்பந்ததாரரிடமோ சென்று சேர்கின்றன. மறுத்தால் வேலை இல்லை. வயிற்றைப் பணயமாக வைத்துப் பெறப்படும் கையெழுத்தை ஒப்புதல் என்று அழைப்பது உழைப்பவரை ஏளனம் செய்வதாகும்.

அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு ஆதார் வழக்கில் வந்த பெரும்பான்மைத் தீர்ப்பு, நலத்திட்டங்களுக்கு ஆதாரைக் கோரலாம் என ஏற்றது. ஆயினும், அரசு ஊழியரின் ஓய்வூதியம் போன்று ஒருவர் ஈட்டிய பயனை அவ்வகையில் சேர்க்க இயலாது என்றும் அது கூறியது. வருங்கால வைப்பு நிதியும் ஈட்டிய பயனே. தொழிலாளியின் பங்கு அவரது ஊதியத்திலிருந்து பிடிக்கப்படுகிறது. முதலாளியின் பங்கும் ஒத்திவைக்கப்பட்ட ஊதியமே அன்றி எவருடைய கொடையும் அன்று.

ஒன்றிய அரசோ இதற்கு நேரெதிரான பாதையைத் தேர்ந்தெடுத்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 142ஆவது பிரிவு, பதிவுக்கும் பயன்களுக்கும் ஆதாரைக் கட்டாயமாக்கியது. தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்றுதான் அமலுக்கு வந்தது. இந்தப் பிரிவோ 2021 மே மாதத்திலேயே முந்திக்கொண்டு அமலாக்கப்பட்டது. ஆதாருடன் இணைக்கப்படாத கணக்குகளில் மாதச் சந்தா செலுத்துவதும் தடைப்பட்டது. பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் திருத்தத்திற்கு முதலாளியின் சான்றொப்பம் கேட்கப்பட்டது. ஆலையை மூடிவிட்டுச் சென்ற முதலாளியைத் தொழிலாளி எங்கே தேடுவார்?

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இக்குறையைப் போக்கவில்லை. ஒப்புதல் சுதந்திரமானதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும் என்கிறது அதன் 6ஆவது பிரிவு. வேலைவாய்ப்பு சார்ந்த நோக்கங்களுக்கும், முதலாளியை இழப்பிலிருந்து காப்பதற்கும் ஒப்புதலே தேவையில்லை என்கிறது 7ஆவது பிரிவு. விதியை மீறுவோருக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. அது அரசின் கருவூலத்துக்குச் செல்லும். பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கோர வழிவகுத்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையோ இச்சட்டம் நீக்குகிறது.

இது வெறும் சட்ட நுணுக்கம் அன்று. நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீட்டில் கோரிக்கை அளிக்கும் பெண் தொழிலாளியின் கருவுற்ற செய்தியோ, ஒருவரின் காசநோய்ச் சிகிச்சையோ நிர்வாகத்தின் மேசைக்கு வந்துவிட்டால், அடுத்த ஆட்குறைப்புப் பட்டியலை யார் நம்ப முடியும்?

ஆகவே, பயன் வழங்கத் தேவையான தகவலை மட்டுமே பெற வேண்டும். ஆதாருக்கு மாற்று அடையாளம் ஏற்கப்பட வேண்டும். மருத்துவ விவரம் நிர்வாகத்திற்கு எட்டக் கூடாது. தகவல் கசிந்தால் தொழிலாளிக்கே இழப்பீடு கிடைக்க வேண்டும். இக்கோரிக்கைகள் ஊதிய உயர்வுக் கோரிக்கையுடன் சேர்ந்தே பேச்சுவார்த்தை மேசையில் இடம்பெற வேண்டும். தனித்து நிற்கும் தொழிலாளியால் படிவத்தை மறுக்க இயலாது. சங்கமாகத் திரண்டால் அந்தப் படிவத்தையே மாற்றி எழுத வைக்க இயலும்.