அதிர்வெல்லாம் ஒத்ததிர்வன்று

நிலைபெயர்ந்த பொருள் தன் நிலைக்கு மீள முயன்று, அந்நிலையையும் கடந்தோடி, இருபுறமும் மாறிமாறி அலைவதே அதிர்வு. மீள்விசை இழுக்கின்றது, பொருண்மை நில்லாது ஓட்டுகின்றது, உராய்வு தணிக்கின்றது. இம்மூன்றையும் அறியாது அதிர்வைப் பற்றிப் பேசுதல் வீண்.

அமெரிக்க நாட்டு வாசிங்டன் மாநிலத்தில், தக்கோமா நீரிணைமேல் 853 மீட்டர் நடுவிடை கொண்ட தொங்குபாலம் 1940 சூலை 1-இல் திறக்கப்பெற்றது. அவ்வாண்டு நவம்பர் 7-இலேயே இற்று வீழ்ந்தது. வீழ்த்திய காற்றின் விரைவோ மணிக்கு ஏறத்தாழ 68 கிலோமீட்டரே!

இவ்வீழ்ச்சியை ஒத்ததிர்வுக்கு எடுத்துக்காட்டாகப் பாடநூல்கள் பல காட்டிவந்துள்ளன. அது பிழை. பொருளின் இயல்பான அதிர்வெண்ணோடு ஒத்து, வெளிவிசை விட்டுவிட்டுத் தள்ளுவதே ஒத்ததிர்வு. ஊஞ்சலாட்டுவார் செயல் அத்தகையது. அன்றைய காற்றோ அவ்வாறு தள்ளவில்லை, தொடர்ந்து வீசியது. பாலம் முறுக்குண்ட ஒவ்வொரு திருப்பமும் காற்றிலிருந்து புதுவிசை பெற்றது. தணியவேண்டிய அதிர்வு தானே தன்னை வளர்த்துக்கொண்டது. 1991-இல் பில்லா, சுகான்லன் ஆகிய இருவரும் இதனைத் தெளிவுற நாட்டினர்.

பிழையான விளக்கம் பிழையான மருந்தையே தரும். ஒத்ததிர்வெனின், அதிர்வெண்ணை மாற்றினாற் போதும் என்று தோன்றும். காற்றை மறித்த தகட்டுச் சுவரே குற்றமுடைத்து என்பது மறைந்துபோம். 1950-இல் எழுந்த புதுப்பாலமோ, காற்று ஊடுருவும் திறந்த சட்டங்களோடு இன்றும் நிற்கின்றது.

மாணவர்க்கு எளிமை வேண்டும். அதற்கு உண்மையை விலையாகக் கொடுத்தல் கற்பிப்பார்க்கு அழகன்று.