வீனஸ் ஃப்ளைட்ராப் பூத்தண்டு விட்டால்... கிள்ளுவதா, விடுவதா?

வாயைப் பிளந்து காத்திருந்து, வந்து உட்காரும் ஈயை 'லபக்'கென்று பிடிக்கும் செடி வீனஸ் ஃப்ளைட்ராப். பூவுக்காக இதை யாரும் வாங்குவதில்லை. குழந்தைகளுக்கு வேடிக்கை காட்டத்தான் பெரும்பாலும் வாங்குகிறார்கள். குளிர் குறைந்து வெயில் ஏறத் தொடங்கும் பருவத்தில், செடியின் நடுவிலிருந்து பச்சைத் தண்டு ஒன்று நிமிர்ந்து எழும்போதுதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. 'பூத்தால் செடி செத்துப்போகும், உடனே வெட்டு' என்பார் ஒருவர். 'வந்த பூவைக் கிள்ளலாமா, பாவம்' என்பார் இன்னொருவர்.

இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதியைச் செடியின் உடல்நிலைதான் சொல்ல வேண்டும்.

இலையா, பூத்தண்டா?

முதலில் எழும்பியது பூத்தண்டுதானா என்று பார்க்க வேண்டும். புது இலை தட்டையாக இருக்கும். அதன் நுனியில் மூடிய சின்னப் பொறி தெரியும். பூத்தண்டு உருண்டையாக, நேராக மேலே போகும். நுனியில் பச்சை மொட்டுகள் கொத்தாக இருக்கும். விட்டுவிட்டால் 15 முதல் 30 செ.மீ. வரை வளர்ந்து, ஐந்து இதழ்கள் கொண்ட வெள்ளைப் பூக்களை ஒவ்வொன்றாகத் திறக்கும்.

ஏன் இவ்வளவு உயரம்?

பொறிகள் மண்ணை ஒட்டிக் கிடக்க, பூ மட்டும் ஏன் இவ்வளவு மேலே? இந்தச் செடிக்கு ஒரு சிக்கல் உண்டு. சாப்பாட்டுக்கும் பூச்சி வேண்டும், மகரந்தச் சேர்க்கைக்கும் பூச்சி வேண்டும். உதவ வந்த விருந்தாளியையே தின்றுவிட்டால் விதை ஏது?

செடியின் தாய்மண்ணான அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் ஆய்வாளர்கள் இதைச் சோதித்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். பூக்களுக்கு வந்த பூச்சிகளையும், பொறிகளில் சிக்கிய பூச்சிகளையும் தனித்தனியாகச் சேகரித்து ஒப்பிட்டார்கள். மகரந்தத்தை அதிகம் சுமந்தவை ஒரு சிறிய பச்சைத் தேனீயும் இரண்டு வகை வண்டுகளும். இந்த மூன்றும் பொறிகளுக்குள் ஏறக்குறைய அகப்படவே இல்லை. பொறியில் மாட்டியவை பெரும்பாலும் எறும்பு, சிலந்தி போன்ற தரையில் ஊர்பவை. பூ உயரத்தில் இருப்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். நிறமும் மணமும்கூடக் காரணமாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள்.

செடி செத்துவிடுமா?

வாழை குலை தள்ளினால் அந்த மரத்தின் ஆயுள் முடிந்தது. வீனஸ் ஃப்ளைட்ராப் அப்படியல்ல. இது பல ஆண்டுகள் வாழும் செடி. காட்டில் வருடாவருடம் பூக்கிறது. பூத்ததாலேயே சாவதில்லை.

ஆனால், செலவு உண்டு. பூச்சியிலிருந்து செடிக்குக் கிடைப்பது நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற சத்துகள்தான். வளரத் தேவையான ஆற்றலை மற்ற செடிகளைப்போல வெயிலிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. ஓர் அடி உயரத் தண்டு, பத்துப் பூ, அப்புறம் விதை என்று அத்தனைக்கும் அந்தக் கையிருப்பே போக வேண்டும். அந்தச் சமயத்தில் புதுப் பொறிகள் குறையும், வருபவையும் சிறுத்துப்போகும். திடமான செடி இதைத் தாங்கும். நோஞ்சான் செடி இதில் படுத்துவிடக்கூடும்.

துளசியில் கதிர் வந்தால் கிள்ளிவிடுகிறோம் அல்லவா? சத்து விதைக்குப் போகாமல் இலைக்குத் திரும்பட்டும் என்பதற்காகத்தான். இங்கும் அதே கணக்கு.

எப்போது கிள்ள வேண்டும்?

வாங்கிச் சில மாதங்களே ஆன செடி, சமீபத்தில் தொட்டி மாற்றிய செடி, நாலைந்து பொறிகள் மட்டுமே உள்ள செடி, இலை வெளுத்துத் துவண்ட செடி... இவற்றில் தயங்காமல் எடுத்துவிடலாம்.

சமவெளியில் வளர்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கரோலினாவில் இந்தச் செடி குளிர்காலத்தில் மூன்று, நான்கு மாதங்கள் ஏறக்குறைய உறங்கிவிடும். அந்த ஓய்வுதான் அடுத்த பருவத்துக்கான பலம். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் ஓரளவு ஓய்வு கிடைக்கும். சென்னையிலும் மதுரையிலும் அது கிடைப்பதில்லை. ஓய்வில்லாத செடிக்குப் பூ என்பது கூடுதல் சுமை. எனவே, சமவெளியில் கிள்ளிவிடுவதே பெரும்பாலும் நல்லது.

தண்டு சுமார் 5 செ.மீ. உயரம் வந்ததும், சுத்தமான கத்தரிக்கோலால் அடியை ஒட்டி வெட்ட வேண்டும். பிடித்து இழுத்தால் செடியே வேரோடு வந்துவிடும். வெட்டிய தண்டையும் எறிய வேண்டாம். ஈரமான பீட் மாஸில் அடிப்பகுதி புதையும்படி நட்டு, நேரடி வெயில் படாத வெளிச்சத்தில் ஈரம் குறையாமல் வைத்தால், சில வாரங்களில் அடியிலிருந்து குட்டிச் செடி முளைக்க வாய்ப்புண்டு. எல்லாத் தண்டும் முளைக்காது; முளைத்தால் லாபம்.

பூக்க விடுவதென்றால்...

செடி திடமாக இருந்து, விதையும் வேண்டுமென்றால் தாராளமாக விடலாம். பூ திறந்ததும் மகரந்தம் முதலில் தயாராகும். நடுவிலுள்ள சூல்முடி ஓரிரு நாள் கழித்துத்தான் குஞ்சம்போல விரியும். அப்போது புதிதாகத் திறந்த இன்னொரு பூவின் மகரந்தத்தைச் சின்ன பெயின்ட் பிரஷ்ஷால் தொட்டு அதில் தடவ வேண்டும். பலித்தால் நான்கு முதல் ஆறு வாரங்களில் பளபளப்பான கறுப்பு விதைகள் கிடைக்கும். அவற்றைப் புதைக்காமல் ஈரமான பீட் மாஸின் மேல் தூவினால் போதும். ஆனால், பொறுமை வேண்டும்: விதையிலிருந்து முழுச் செடியாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும்.

விதை வேண்டாம், பூவை மட்டும் ரசித்தால் போதும் என்பவர்கள், பூ வாடியதுமே தண்டை வெட்டிவிடலாம்.

இரண்டுக்கும் பொதுவான கவனிப்பு

தண்ணீர்தான் முதல் விஷயம். குழாய்த் தண்ணீரும் போர் தண்ணீரும் உப்பால் இந்தச் செடியை மெல்ல மெல்லக் கொல்லும். மழைத் தண்ணீர், டிஸ்டில்டு வாட்டர், அல்லது டி.டி.எஸ். 50-க்குக் கீழே உள்ள ஆர்.ஓ. தண்ணீர் மட்டுமே சரி. சுவைக்காகத் தாதுக்கள் சேர்த்த கேன் தண்ணீர் வேண்டாம். தொட்டியை ஒரு தட்டில் வைத்து, தட்டில் ஒரு விரற்கடை தண்ணீர் நிற்கும்படி பார்த்துக்கொள்ளலாம்.

மண்ணுக்கு உரம் சேர்க்காத பீட் மாஸும் பெர்லைட்டும் சரிபாதி. செம்மண், தொழு உரம், மண்புழு உரம் எதுவும் கூடாது. தேங்காய் நார்க்கழிவில் உப்பு இருக்கக்கூடும் என்பதால் அதையும் தவிர்ப்பது நல்லது. தினமும் நாலைந்து மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். கோடை உச்சிவெயிலில் மட்டும் லேசான நிழல்.

பூக்கிற சமயத்தில் முக்கியமாக, பொறிக்குள் விரலை விட்டு விளையாடக் கூடாது. ஒவ்வொரு மூடலும் செடிக்குச் செலவு. ஒரு பொறி சில தடவைதான் மூடித் திறக்கும், அப்புறம் கருகிவிடும். இறைச்சித் துண்டு போடுவதும் தவறு. அது அழுகிப் பொறியையும் கெடுக்கும்.

வாங்கும்போது ஒரு கேள்வி

உலகத்தில் இந்தச் செடி இயற்கையாக வளர்வது வடக்கு, தெற்கு கரோலினாவின் கரையோரச் சதுப்பு நிலங்களில் மட்டும்தான். அங்கே நிலம் சுருங்கியது போதாதென்று திருட்டும் சேர்ந்துகொண்டது. அதனால் 2014 டிசம்பர் முதல், வடக்கு கரோலினாவின் சில மாவட்டங்களில் காட்டுச் செடியைத் திருடுவது சிறைக்கு அனுப்பக்கூடிய பெருங்குற்றம். திசு வளர்ப்பு முறையில் உற்பத்தியான செடியா என்று கேட்டு வாங்குவது, அங்கே மிஞ்சியிருக்கும் செடிகளுக்குச் செய்யும் உதவி.

தண்டைக் கிள்ளினோமே என்று வருத்தப்படத் தேவையில்லை. செடி தேறிவிட்டால் அடுத்த வருடமும் தண்டு விடும்.