சாம்சங்கும் அம்மா படித்த ‘வலி’யும்

ரியாத் பத்தாவில் வெள்ளிக்கிழமை மாலை நடந்தால், மொபைல் கடைப் பலகைகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் பெயர் சாம்சங். அதற்கு என்ன பொருள் தெரியுமா? ‘மூன்று நட்சத்திரங்கள்’. கொரிய மொழியில் ‘சாம்’ என்றால் மூன்று. ‘சொங்’ என்றால் நட்சத்திரம். அதைத்தான் நாம் ‘சங்’ என்கிறோம். 1938இல் லீ பியுங் சுல் தன் வணிகத்துக்கு வைத்த பெயர் அது.

இரண்டுமே சீனாவிலிருந்து கொரியாவுக்கு வந்த எழுத்துகள். கொரியர்கள் இவற்றை ஹன்ஜா என்கிறார்கள். மூன்றுக்கு மூன்று படுக்கைக் கோடுகள், அவ்வளவுதான். நட்சத்திரத்துக்கு மேலே சூரியன், கீழே ‘பிறத்தல்’ என்ற எழுத்து. கீழ்ப்பகுதி உச்சரிப்பைக் காட்ட வந்தது. மேலே இருப்பதும் முதலில் சூரியன் இல்லை. பழைய வடிவத்தில் அங்கே மூன்று நட்சத்திரங்கள் இருந்தன. எழுதி எழுதி ஒன்றாகச் சுருங்கிவிட்டது.

1443இல் மன்னர் செஜோங், கற்க எளிதான ஹங்குல் எழுத்தை உருவாக்கினார். இன்று கொரியர்கள் பெரும்பாலும் அதில்தான் எழுதுகிறார்கள். ஆனால் ஹங்குலில் ‘சொங்’ என்று மட்டும் எழுதினால் அது நட்சத்திரமா, கோட்டையா, குடும்பப் பெயரா என்று தெரியாது. ஹன்ஜாவில் மூன்றுக்கும் தனித்தனி எழுத்து. அதனால் குழப்பம் வரும் இடத்தில் பக்கத்திலேயே ஹன்ஜாவையும் எழுதும் வழக்கம் இன்னும் இருக்கிறது.

நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. வலி, வழி, வளி மூன்றையும் பிரித்துக் காட்ட நம்மிடம் ல, ழ, ள இருக்கின்றன. அதை விட்டுவிட்டு ஆங்கில எழுத்தில் தமிழை அனுப்பிக்கொண்டிருக்கிறோம். நானும்தான்.

ஒருமுறை முதுகுவலிக்காக அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். திரும்பும்போது பத்தா நெரிசலில் மாட்டிக்கொண்டோம். ‘வழி இல்ல’ என்று ஆங்கில எழுத்தில் அம்மாவுக்குத் தட்டிவிட்டேன். அம்மா அதை ‘வலி இல்ல’ என்று படித்துவிட்டார். ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லி, அப்பாவுக்குப் பிடித்த மீன் குழம்பும் வைத்துவிட்டார். பின்சீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு வந்த அப்பாவால் அன்று சாப்பிட உட்காரக்கூட முடியவில்லை. அம்மாவின் முகம் மாறியதை நான் மறக்கவில்லை.

‘ழ’வுக்கு ‘இசட் எச்’ போட்டிருக்கலாமே என்பீர்கள். அவசரத்தில் யார் போடுகிறார்கள்? ‘ல’வுக்கும் ‘ள’வுக்கும் என்ன செய்வீர்கள்? மனம், மணம் இரண்டும் ஒன்றாகிவிடுமே!

நண்பர்களோடு எப்படி வேண்டுமானாலும் அரட்டை அடியுங்கள். ஆனால் அம்மாவுக்கும் பாட்டிக்கும் அனுப்புவதையாவது தமிழ் எழுத்தில் அனுப்புங்கள். ஆங்கிலத்தில் தட்டினால் தமிழாக மாற்றித் தரும் கீபோர்டு போனில் இலவசமாகவே கிடைக்கிறது. முதல் வாரம் கை தடுமாறும், பிறகு பழகிவிடும். எனக்குப் பழகிவிட்டது.