அறிவுக்கு மதிப்பெண் போடுகிறோம், சாதியைக் கேட்க மறுக்கிறோம்

செவிலியர் கல்லூரி நூலகங்களில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் முதுகலை ஆய்வேடுகளைப் புரட்டினால் இரண்டு வகை திரும்பத் திரும்பக் கண்ணில் படும். முதல் வகை புற்றுநோய் விழிப்புணர்வு பற்றியது. ஒரு கிராமத்தைத் தேர்ந்தெடுத்து, அங்குள்ள பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் அல்லது கருப்பைவாய்ப் புற்றுநோய் குறித்து ஒரு கேள்வித்தாளைக் கொடுப்பார்கள். பிறகு படங்களை வைத்துப் பாடம் நடத்துவார்கள். சில நாள் கழித்து அதே கேள்வித்தாள் மறுபடியும் வரும். மதிப்பெண் கூடியிருக்கும். கூடாமல் எப்படி? கற்பித்தல் பயனளித்தது என்று முடிவுரை எழுதப்படும். அந்தப் பெண் அதன்பிறகு பரிசோதனைக்குப் போனாரா, போன இடத்தில் என்ன நடந்தது என்பது பெரும்பாலும் ஆய்வின் எல்லைக்குள் வராது.

இரண்டாவது வகை, செவிலிய மாணவிகளின் மன அழுத்தம் பற்றியது. பத்துக் கேள்விகள், ஒரு கூட்டுத்தொகை. குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று பெட்டிகள். பரிந்துரை யோகா, தியானம், மூச்சுப் பயிற்சி.

செவிலியர் கல்வியில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவள் என்ற முறையில் இவற்றைப் படிப்பது என் அன்றாட வேலை. இரண்டு வகைக்கும் முதல் பக்கம் ஏறத்தாழ ஒன்றுதான். வயது, மதம், கல்வி, தொழில், மாத வருமானம், கூட்டுக் குடும்பமா தனிக் குடும்பமா, சில தாள்களில் சைவமா அசைவமா என்றுகூட இருக்கும். நான் படித்தவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் சாதி மட்டும் இல்லை.

இதனால் என்ன கெட்டுவிட்டது? காரணத்தைத் தேடும் இடமே மாறிவிடுகிறது. சாதியைக் கேட்காத ஆய்வு, பரிசோதனைக்கு வராத பெண்ணின் தலைக்குள் அறியாமையைத் தேடுகிறது. சோர்ந்துபோன மாணவியின் மனத்துக்குள் பலவீனத்தைத் தேடுகிறது.

அறிவு மட்டுமே உயிரைக் காப்பதில்லை என்பதற்கு நம்மூரிலேயே சான்று உண்டு. 2000ஆம் ஆண்டு திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுவரையிலான பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆய்வு ஒன்று தொடங்கியது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பைவாயில் அசிட்டிக் அமிலம் தடவி, வெளுக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்துக் கண்டறிந்தார்கள். தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சையும் கிடைத்தது. 2007இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. ஒரே ஒரு முறை பரிசோதனை வழங்கப்பட்டதில், அந்தக் குழுவில் இந்நோயால் நேர்ந்த இறப்பு ஒப்பீட்டுக் குழுவைவிட 35 விழுக்காடு குறைந்திருந்தது. அந்த ஒப்பீட்டுக் குழுவில் இருந்த சுமார் 31,000 பெண்களுக்கு இந்தப் பரிசோதனை வழங்கப்படவில்லை என்பதையும் நாம் மறக்கக் கூடாது. இத்தகைய ஒப்பீட்டுக் குழுக்களின் அறம் குறித்துப் பின்னாளில் கடும் விவாதம் எழுந்தது. ஆனால் ஒன்று நிரூபணமானது. உயிரைக் காத்தது பரிசோதனையும் சிகிச்சையும் பெண்களைத் தேடிச் சென்றதுதான்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டவர்கள் 9.8 விழுக்காடு. இந்திய அளவில் 1.9 விழுக்காடுதான். மற்ற தொண்ணூறு பேரும் பாடம் கேட்காததால்தான் வரவில்லையா? ஒரு நாள் கூலி போகும். பேருந்து வராது. உள்ளாடையைக் களைந்து படுக்க வேண்டிய ஒரு பரிசோதனைக்கு முன்னால், "எந்தத் தெரு?" என்று ஒரு குரல் கேட்கும். அந்தக் கேள்வியின் பொருள் ஊருக்கே தெரியும். மருத்துவமனையின் வாசலில் சாதி கேட்கப்படுகிறது, ஆய்வேட்டில்தான் கேட்கப்படுவதில்லை.

மாணவிகள் விஷயத்திலும் இதே கதைதான். உதவித்தொகை வராத மாதத்தில் விடுதிக் கட்டணத்துக்கு என்ன செய்தாய், கோட்டாவில் வந்தவள் என்று யாராவது சொன்னார்களா, செய்முறைத் தேர்வில் உனக்கு எவ்வளவு நேரம் கொடுத்தார்கள் என்று அந்தப் பத்துக் கேள்விகளில் ஒன்றும் கேட்காது. கேட்டால் பதில் வரும். டெல்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் நிலையை ஆராய்ந்த சுகதேவ் தோரட் குழு, மாணவர்களிடம் நேரடியாகக் கேட்டது. வகுப்பறையிலும் தேர்வுகளிலும் விடுதியிலும் நிலவிய பாகுபாட்டை 2007இல் அறிக்கையாகவே கொடுத்தது. 2019 மே மாதம் மும்பையில் பழங்குடிச் சமூகத்து மருத்துவர் பாயல் தாட்வி தற்கொலை செய்துகொண்டார். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியதாக மூன்று மூத்த மருத்துவர்கள்மீது வழக்கு பதியப்பட்டது. அவரது துயரத்துக்கு எந்த மூச்சுப் பயிற்சியைப் பரிந்துரைப்பீர்கள்?

காலையில் சேரிக்குப் படங்களோடு போய்ப் பெண்களின் அறிவுக்கு மதிப்பெண் போடும் மாணவியே, மாலையில் விடுதியில் இன்னொரு ஆய்வாளரின் மன அழுத்தப் படிவத்தை நிரப்புகிறாள். அவளும் அதேபோன்ற ஒரு சேரியிலிருந்து வந்தவளாக இருக்கலாம். இரண்டு தாள்களிலும் அது பதிவாகாது.

சாதியைக் கேட்டால் சாதி வளரும் என்று ஆய்வுக் கூட்டங்களில் சொல்கிறார்கள். குடும்பநலக் கணக்கெடுப்பு ஆறு லட்சத்துக்கும் அதிகமான வீடுகளில் சாதிப் பிரிவைக் கேட்டது. வானம் இடிந்து விழவில்லை. வேறொரு அச்சம் மட்டும் நியாயமானது. நாற்பது பேர் வகுப்பில் பழங்குடி மாணவி ஒருவர்தான் என்றால், பெயரில்லாத படிவமும் அவரைக் காட்டிக்கொடுக்கும். அகமதிப்பீட்டு மதிப்பெண் யார் கையில் இருக்கிறதோ அவரே படிவத்தை வாங்கினால் உண்மை வராது. அதற்கும் வழி இருக்கிறது. படிவத்தை வெளியாள் வாங்கட்டும். பதில் சொல்ல மறுக்கும் உரிமை இருக்கட்டும். பல கல்லூரிகளின் தரவைச் சேர்த்தே வெளியிடட்டும், சிறு எண்ணிக்கைகளைத் தனியே அச்சிட வேண்டாம்.

செவிலியர் கல்வியிலும் பொதுச் சுகாதாரத்திலும் ஆய்வு செய்யும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அடுத்த கேள்வித்தாளில் மூன்று கேள்விகளைச் சேருங்கள்: உங்கள் சாதிப் பிரிவு என்ன? இந்த மருத்துவமனையில் அல்லது கல்லூரியில் சாதி காரணமாக நீங்கள் வேறுவிதமாக நடத்தப்பட்டதுண்டா? அதன்பிறகு இங்கே வருவதைத் தவிர்த்தீர்களா? நெறிமுறைக் குழு மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் வந்த மறுப்பும் ஒரு தரவுதான்.