ரேடியோ நாற்காலியில் கூத்துக்காரர் உட்காரக் கூடாதா?

காலை ஏழு மணி. ரேடியோவில் ஒரு சினிமா நட்சத்திரம் பேட்டி கொடுக்கிறார். முதல் படம், முதல் சம்பளம், பிடித்த சாப்பாடு... எல்லாம் சொல்கிறார். பக்கத்தில் ஒருவர் கிதார் வாசிக்க, இன்னொருவர் நேரடியாகவே பாடுகிறார். நடுநடுவே அறிவிப்பாளர் கலகலவென்று சிரிக்கிறார். "கத்திப்பாராவில் கடும் நெரிசல்" என்று ஒரு தகவலும் வருகிறது.

சென்னைக்காரருக்கு இது பொருத்தம்தான். ஆபீசுக்குப் போகிறவருக்குப் பொழுதும் போகும், வழியும் தெரியும்.

அதையே ரிஷிவந்தியம் டீக்கடையில் செல்போனில் போட்டுக் கேட்டால்?

கத்திப்பாரா நெரிசலை வைத்து ரிஷிவந்தியத்துக்காரர் என்ன செய்வார்? திருக்கோவிலூர் பஸ் வந்ததா, சங்கராபுரம் சந்தையில் என்ன விலை என்பதுதான் அவருக்கு வேண்டிய சேதி. அதைச் சொல்ல ரேடியோவில் ஆள் இல்லை!

நட்சத்திரம் புதுசா?

ரிஷிவந்தியம் நட்சத்திரத்தைப் பார்க்காத ஊர் அல்ல. 2011 சட்டமன்றத் தேர்தலில் இந்தத் தொகுதியில் நின்று ஜெயித்தவர் நடிகர் விஜயகாந்த். அந்த வெற்றியோடுதான் எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலிக்கும் போனார். ஆகவே சினிமாக்காரர் மேல் இந்த ஊருக்குக் கோபம் கிடையாது.

கேள்வி வேறு. காலை நேரத்தில் நட்சத்திரம் உட்காருகிற அந்த ரேடியோ நாற்காலி, உள்ளூர்க்காரருக்கு என்றைக்காவது கிடைக்குமா?

"உள்ளூர் ஆளை யாருப்பா கேட்பாங்க?" என்பார்கள் சிலர்.

கேட்டார்களே! தென்கச்சி கோ. சுவாமிநாதன் யார்? தென்கச்சி என்கிற கிராமத்திலிருந்து வந்தவர். விவசாயம் படித்தவர். சினிமாக் கவர்ச்சி எதுவும் இல்லை. தினமும் காலையில் சென்னை வானொலியில் "இன்று ஒரு தகவல்" சொன்னார். சில நிமிஷம்தான். அந்தச் சில நிமிஷத்துக்காகத் தமிழ்நாட்டில் எத்தனை வீட்டில் ரேடியோவைத் திருகினார்கள்! 2009ல் அவர் காலமானபோது, சொந்தத்தில் ஒருவரை இழந்ததுபோல் ஜனங்கள் வருந்தினார்கள்.

இலங்கை வானொலியும் அப்படித்தான். காலையில் "பொங்கும் பூம்புனல்" கேட்காமல் வேலைக்குக் கிளம்பாத தலைமுறை ஒன்று இங்கே இருந்தது. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது... இவர்களின் முகம் தெரியாமலே குரலைக் கொண்டாடினார்கள் தமிழர்கள்.

ஆக, ரேடியோ பிரபலத்தைக் கூப்பிடவும் செய்யும். பிரபலத்தை உண்டாக்கவும் செய்யும். இரண்டாவது வேலையைத்தான் இப்போது மறந்துவிட்டார்கள்.

மைக் முன்னால் வாத்தியம்

நேரடி இசை ஏதோ புதுக் கண்டுபிடிப்பு என்று எஃப்.எம். காரர்கள் விளம்பரம் செய்கிறார்கள். அதுவும் பழைய சரக்குதான்.

சென்னையில் 1938லும், திருச்சியில் 1939லும் வானொலி நிலையம் திறந்தார்கள். டேப் பரவாத காலம் அது. பாடகரும் பக்கவாத்தியக்காரரும் நிலையத்துக்கே வந்து மைக் முன்னால் உட்கார்ந்து பாடவேண்டும், வாசிக்கவேண்டும். பிசகினால் பிசகினதுதான்!

அதனால் ஒரு நன்மை இருந்தது. "நிலைய வித்துவான்" என்று ஒரு உத்தியோகமே உண்டானது. ஆற்றில் தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும், கல்யாண சீசன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வித்துவான் வீட்டில் மாசா மாசம் அடுப்பு எரிந்தது. ரேடியோவில் வாசிக்கிறார் என்றால் வெளிக் கச்சேரியிலும் மரியாதை கூடியது.

பிறகு டேப் வந்தது, கேசட் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது. பாட்டு பெட்டிக்குள் போனது. வாத்தியக்காரர் வெளியே நின்றுவிட்டார்.

விடியும்போது முடியும் கூத்து

கள்ளக்குறிச்சி, விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரத்தில் தெருக்கூத்து இன்னும் உயிரோடு இருக்கிறது. திரௌபதி அம்மன் கோவில் திருவிழா என்றால் ராத்திரி முழுக்கக் கூத்து. ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம். மைக் இல்லாத நாளிலேயே ஊர்க்கோடி வரைக்கும் கேட்ட குரல்கள் அவை.

கூத்து எப்போது முடியும்? பொழுது விடியும்போது. ரேடியோவில் காலை நிகழ்ச்சி எப்போது ஆரம்பம்? அதே நேரம்தான்! வேஷம் கலைப்பதற்கு முன்னாலேயே அந்தக் கலைஞரை மைக் முன்னால் உட்கார வைக்கலாமே? துரியோதனன் கிரீடத்தைக் கழற்றிவிட்டு, தன் குடும்பக் கஷ்டத்தைச் சொன்னால் ஜனங்கள் கேட்கமாட்டார்களா?

விருந்தாளிக்குப் பஞ்சமே இல்லை. கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உளி பிடித்த அந்தக் கை யாருடையது? கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவுக்கு எங்கெங்கிருந்தோ திருநங்கைகள் வருகிறார்கள். அவர்கள் கதை என்ன? கல்வராயன் மலையில் மலையாளி பழங்குடி மக்களின் கல்யாணப் பாட்டு, அறுவடைப் பாட்டு எத்தனை பேர் காதில் விழுந்திருக்கிறது?

இவர்களைக் கூப்பிடாமல், ஒரே நடிகரின் ஒரே பேட்டியை எட்டு ஊரில் ஒலிபரப்பி என்ன பிரயோசனம்?

எட்டாத ஏலம்

தனியார் எஃப்.எம். நிலையம் ஏலத்தில் வருகிற சமாச்சாரம். 2024 ஆகஸ்டில் மத்திய மந்திரிசபை, புதிதாக 234 ஊர்களில் 730 நிலையங்களுக்கு ஏலம் விட ஒப்புதல் தந்தது. பட்டியலில் திருவண்ணாமலை உண்டு. நெய்வேலி உண்டு. கள்ளக்குறிச்சி? இல்லை! 2019ல் தனி மாவட்டம் ஆகியும் ரேடியோ கணக்கில் இடம் பிடிக்கவில்லை. மாவட்டத் தலைநகருக்கே இந்தக் கதி என்றால் ரிஷிவந்தியத்துக்கு என்ன வழி?

வழி இருக்கிறது. சமுதாய வானொலி! சென்னை அண்ணா பல்கலைக்கழகம் 2004லேயே ஆரம்பித்துக் காட்டிவிட்டது. 2006 முதல் தொண்டு நிறுவனங்களும் விண்ணப்பிக்கலாம். பதிவாகி மூன்று வருஷம் ஆகியிருக்கவேண்டும். கல்லூரிகளும், வேளாண் அறிவியல் நிலையங்களும் கேட்கலாம். பத்து கிலோ மீட்டர் சுற்றளவுக்குக் கேட்கும். ரிஷிவந்தியத்துக்கும் சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்கும் அது போதும். கல்வராயன் மலைக்கு எட்டாது. மலைக்குத் தனியாக ஒன்று வேண்டும்.

சொந்தச் செய்தி வாசிக்க முடியாது. அதற்குச் சட்டத்தில் தடை. ஆனால் சந்தை விலை சொல்லலாம். பஸ் நேரம் சொல்லலாம். பேட்டி எடுக்கலாம். பாட வைக்கலாம்.

காசுக் கணக்கு

"எல்லாம் சரி, பணம் யார் தருவது?" என்று கடைக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

சமுதாய வானொலியில் மணிக்கு 12 நிமிஷம் விளம்பரம் போடலாம் என்று 2024ல் உயர்த்தியிருக்கிறார்கள். அரசு விளம்பரத்துக்குப் பத்து வினாடிக்கு 74 ரூபாய். 12 நிமிஷம் என்றால் 72 பத்து வினாடி. முழுக்கக் கிடைத்தாலும் மணிக்கு 5,328 ரூபாய். முழுக்க எங்கே கிடைக்கப் போகிறது? பாதி கிடைத்தாலே அதிர்ஷ்டம்!

அங்கேதான் உள்ளூர்க் கடைக்காரர் கை கொடுக்கவேண்டும். பேப்பரில் விளம்பரம் கொடுக்க முடியாத துணிக்கடைக்கும், உரக்கடைக்கும், சைக்கிள் கடைக்கும் இது கட்டுப்படியாகும். கேட்கிறவர் அத்தனை பேரும் நடந்தோ, பஸ்ஸிலோ கடைக்கு வரக்கூடிய தூரத்து ஆட்கள்தானே!

அந்த வரும்படியில் ஒரு பங்கைக் கலைஞருக்குக் கையில் கொடுக்கவேண்டும். "வந்து ஓசியில் பாடுங்க, பேர் வரும்" என்கிற பேச்சே கூடாது. பேரை வைத்துக்கொண்டு அரிசி வாங்க முடியாது. நடிகருக்குக் கார் அனுப்புகிறவர்கள், கூத்துக்காரருக்குப் பஸ் சார்ஜுக்கு யோசிக்கலாமா?

யார் கேட்கிறார்கள்?

"இந்தக் காலத்தில் ரேடியோவா?" என்று இளவட்டங்கள் சிரிக்கலாம். தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பவர் செல்போனைப் பார்த்துக்கொண்டே துணி தைக்க முடியுமா? லாரி ஓட்டுகிறவரும், தோசை ஊற்றுகிறவரும், மாடு கறக்கிறவரும் கண்ணை வேலையில் வைத்து, காதை மட்டும்தான் கடன் கொடுக்க முடியும். அந்தக் காதுக்குரியது ரேடியோ.

1960களில் ஆடுதுறை 27 நெல்லுக்குத் தஞ்சாவூர் விவசாயிகள் "ரேடியோ நெல்" என்றே பேர் வைத்தார்கள். ரேடியோ சொன்னதைக் கேட்டு விதைத்தார்கள். தங்கள் வயலைப் பற்றிப் பேசினால் ஜனங்கள் கேட்பார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

நடிகரும் வரட்டும், பாடகரும் வரட்டும். வாரத்தில் ஒரு நாள் அவர்களுக்கு. மீதி ஆறு நாள் உள்ளூர்க்காரருக்கு! கள்ளக்குறிச்சி வட்டாரக் கல்லூரிகளும் தொண்டு நிறுவனங்களும் முதல் விண்ணப்பத்தைப் போடட்டும். கூத்துக்காரர் தயாராக இருக்கிறார். மைக்தான் இன்னும் வரவில்லை.