ஏலக்காய் விலை தினமும் வெளியாகிறது. பறிக்கும் கைகளின் கணக்கு எங்கே?

இடுக்கி/பாலக்காடு: இடுக்கி மாவட்டம் புற்றடியிலும், எல்லைக்கு இப்பால் தேனி மாவட்டம் போடிநாயக்கனூரிலும் நடைபெறும் ஏலக்காய் ஏலங்களின் கணக்கு, மத்திய அரசின் நறுமணப் பொருள்கள் வாரிய இணையதளத்தில் நாள்வாரியாக வெளியிடப்படுகிறது. ஏலம் நடத்திய நிறுவனம், லாட்டுகளின் எண்ணிக்கை, வரத்து, விற்பனையான அளவு, அதிகபட்ச விலை, சராசரி விலை ஆகியவற்றை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஆனால் அந்த ஏலக்காயைப் பறிக்க அன்று காலை எத்தனை பேர் எல்லையைக் கடந்து மலையேறினார்கள் என்பதற்கு இத்தகைய திறந்த கணக்கு இல்லை.

அரசுத் துறைகள் திரட்டும் தரவுகள் மக்களுக்குக் கிடைக்க வேண்டும் என்ற நோக்கில் தேசியத் தரவுப் பகிர்வு மற்றும் அணுகல் கொள்கை 2012-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. அதன் பயன் பெருநகரங்களின் வர்த்தகத்தை ஒட்டியே பெரும்பாலும் பேசப்படுகிறது. கேரள - தமிழக எல்லைப் பகுதிகளின் பொருளாதாரத்தை இந்தத் தரவுகள் எவ்வளவு காட்டுகின்றன என்பதற்கு ஏலக்காய் நல்ல எடுத்துக்காட்டு.

விலைப் பட்டியல் சொல்வதும் சொல்லாததும்

சிறு விவசாயிக்கு இந்தப் பட்டியல் ஒரு பாதுகாப்பு. தோட்டத்துக்கே வந்து விலை பேசும் வியாபாரி குறைத்துக் கேட்டால், முந்தைய நாள் சராசரி விலையைக் கைப்பேசியில் பார்த்து எதிர்க்கேள்வி கேட்க முடியும். எனினும் எண்களைப் படிக்கும்போது எச்சரிக்கை தேவை.

2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது பெரிய செய்தியானது. முந்தைய ஆண்டின் பெருவெள்ளத்தில் இடுக்கித் தோட்டங்கள் சேதமடைந்து, வரத்து சரிந்திருந்த காலம் அது. ஆனால் 7,000 ரூபாய் என்பது அதிகபட்ச விலை. மிகத் தரமான, பருமனான காய்கள் கொண்ட ஒரே ஒரு லாட்டுக்குக் கிடைத்தாலும் அந்த விலை பட்டியலில் இடம்பெற்றுவிடும். அன்றைய சராசரி விலை அதைவிட வெகுவாகக் குறைவாகவே இருந்தது. 2022-இல் சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. உச்ச விலையை நம்பிக் கடன் வாங்கியவருக்கும் சராசரியைக் கவனித்துச் செலவு செய்தவருக்கும் இந்த வீழ்ச்சி ஒன்றுபோல் இருந்திருக்காது.

வரத்துக் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. ஏலத்தில் வாங்கிய சரக்கையே வியாபாரிகள் மீண்டும் ஏலத்துக்குக் கொண்டுவருவதாக விவசாயிகள் நெடுநாளாகப் புகார் கூறி வருகின்றனர். 'ரீ-பூலிங்' எனப்படும் இந்த முறையால் ஒரே மூட்டை இருமுறை வரத்தாகப் பதிவாகிறது. விளைச்சல் கூடிவிட்டது போன்ற தோற்றம் உண்டாகி, விலை சரியவும் வாய்ப்பு ஏற்படுகிறது. விவசாயியின் சரக்கு எவ்வளவு, வியாபாரியின் சரக்கு எவ்வளவு எனத் தனித்தனியே வெளியிட்டால் இந்தக் குழப்பம் நீங்கும்.

இரு மாவட்டங்களுக்கு இடையே தொலையும் உழைப்பு

போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மூன்று மலைப்பாதைகள் வழியாகத் தேனி மாவட்டத் தொழிலாளர்கள் ஜீப்புகளில் இடுக்கித் தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்புகின்றனர். இவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள்.

காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில் 2025 ஜனவரி முதல் மாவட்டம் அடிப்படை அலகாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் அந்தக் கணக்கெடுப்பு வசிக்கும் வீட்டை வைத்தே நடத்தப்படுகிறது. போடியில் குடியிருந்து உடும்பன்சோலையில் காய் பறிக்கும் பெண், தேனி மாவட்டத் தொழிலாளியாகவே எண்ணப்படுவார். அவர் பறித்த காய் இடுக்கியின் விளைச்சலாகிறது. உழைப்பு ஒரு மாவட்டக் கணக்கிலும் விளைச்சல் மற்றொரு மாவட்டக் கணக்கிலும் சேர்வதால், இரண்டுக்கும் உள்ள தொடர்பு புள்ளிவிவரத்தில் தெரிவதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பணியிடம் எவ்வளவு தூரம், எப்படிப் பயணம் என்று கேட்கப்பட்டது. எந்த மாவட்டத்தில் அந்தப் பணியிடம் உள்ளது என்று கேட்கப்படவில்லை.

2020-இல் கொரோனா ஊரடங்கால் எல்லை மூடப்பட்டபோது இந்தக் குறையின் விளைவு வெளிப்பட்டது. ஒருபுறம் தோட்டங்களில் ஆள் பற்றாக்குறை. மறுபுறம் தேனி கிராமங்களில் வேலையிழப்பு. கேரளத்துக்குள் நுழைய 'ஜாக்ரதா' இணையதளத்தில் பதிவு செய்து அனுமதி பெற வேண்டியிருந்தது. தலைமுறைகளாக நடந்துவரும் போக்குவரத்து, தடை வந்த பிறகே பதிவேட்டில் ஏறியது.

பாலக்காட்டிலும் அதே கேள்வி

பாலக்காடு எல்லையில் கதை சற்று வேறு. ஜிஎஸ்டி 2017 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தபின், வாளையாறில் வரி ஆவணங்களுக்காக லாரிகள் வரிசையில் காத்துக் கிடந்த நிலை மாறியது. சரக்கின் பயணம் இப்போது மின்வழிச் சீட்டில் பதிவாகிறது. ஆனால் மாநில அளவிலான மொத்த எண்ணிக்கையை வைத்து, கோவைக்கும் கஞ்சிக்கோட்டுக்கும் இடையே நடக்கும் வர்த்தகத்தை மட்டும் பிரித்தறிய முடியாது.

பாலக்காட்டில் 1,710 ஏக்கரில் தொழில் நகரம் அமைக்க மத்திய அமைச்சரவை 2024 ஆகஸ்ட் 28-இல் ஒப்புதல் அளித்தது. திட்ட மதிப்பு 3,806 கோடி ரூபாய். சுமார் 51,000 பேருக்கு வேலை கிடைக்கும் என மதிப்பிடப்பட்டுள்ளது. கோவையில் இருந்தும் எல்லையோரக் கிராமங்களில் இருந்தும் இன்று எத்தனை பேர் பாலக்காட்டுக்கு வேலைக்கு வருகிறார்கள் என்ற அடிப்படைக் கணக்கு இருந்தால்தான், நாளை உருவாகும் வேலைகள் யாருக்குக் கிடைத்தன என்று அளக்க இயலும்.

செய்யக்கூடியது என்ன?

இது இயலாத காரியம் அல்ல. லக்சம்பர்க்கில் பணிபுரிவோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியத்தில் இருந்து தினமும் வந்து செல்பவர்கள். அந்த எண்ணிக்கையை அந்நாடு தொடர்ந்து வெளியிடுகிறது. சர்வதேச எல்லையில் சாத்தியமானது, இரு மாநிலங்களுக்கு இடையே கடினமாக இருக்கக் காரணமில்லை.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அடிப்படை நாள் 2027 மார்ச் 1 என அறிவிக்கப்பட்டுள்ளது. பணியிடம் உள்ள மாவட்டத்தையும் அதில் பதிவு செய்தால் ஒரு பெரிய குறை தீரும். அதற்குக் காத்திராமல், தேனி - இடுக்கி, கோவை - பாலக்காடு மாவட்ட நிர்வாகங்கள் தோட்ட, ஆலைப் பதிவேடுகளில் இருந்து பெயர்களை நீக்கி, எண்ணிக்கையை மட்டும் மாதந்தோறும் வெளியிடலாம்.

மலைப்பாதையில் எத்தனை பேருந்துகள் தேவை, ஜீப் விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு யாருடையது, குழந்தைகள் காப்பகம் எங்கே அமைய வேண்டும் என்பவை எல்லாம் அந்த எண்ணைப் பொறுத்தவை. ஒரு கிலோ ஏலக்காய்க்குத் தினமும் கணக்கு வைக்கும் இணையதளம் இருக்கும்போது, அதைப் பறிப்பவர்களுக்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பே.